கடன் நோட்டும் பட்ஜெட்டும்

எண்பதுகளில் பிப்ரவரி முடிய ஒரு வாரம் இருக்கும்போதே மயிலாடுதுறை மொத்தக் கடைகளில் சிகரெட்டுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். "சரக்கு வரலைங்க" என்று கையை விரிப்பார்கள். சரக்கெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். பட்ஜெட்டில் வரி ஏறினால் பழைய விலைச் சரக்கைப் புது விலைக்கு விற்கலாம் என்ற கணக்கு. அப்போது அப்பா எங்கள் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் பதுக்க மாட்டார். பதுக்கக் கையில் முதலும் கிடையாது. ஒரு பாக்கெட் சிசர்ஸ் கேட்டு வருகிறவருக்கு உதிரியாக இரண்டு எடுத்துக் கொடுத்து, "பட்ஜெட் முடியட்டும் மாமா, அப்புறம் பாக்கெட்டா வாங்கிக்குங்க" என்று அனுப்பிவைப்பார்.

மத்திய பட்ஜெட் அப்போது மாலை 5 மணிக்குத்தான் வாசிக்கப்படும். 1999ல் யஷ்வந்த் சின்ஹா காலை 11 மணிக்கு மாற்றும்வரை அதுவே வழக்கம். கடை மூடுகிற நேரத்து வானொலிச் செய்தியில் தலைப்பு மட்டும் காதில் விழும். விவரம் மறுநாள் பேப்பரில். முதல் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டிருப்பார்கள், விலை ஏறுபவை, விலை குறைபவை என்று. அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தராசுக்குப் பின்னால் சுவரில் சோறு வைத்து ஒட்டிவிடுவார். சோப்பு ஏன் ஏறியது, தீப்பெட்டி ஏன் ஏறியது என்று யார் சண்டைக்கு வந்தாலும் விரல் அந்தக் கட்டத்தைத்தான் காட்டும். குறைபவை கட்டத்தில் வந்த பொருட்களில் பாதியை எங்கள் தெருவில் எவரும் வாங்கியதே இல்லை.

பட்ஜெட் என்பது எங்களுக்கு அவ்வளவுதான், வருடத்துக்கு ஒருமுறை வருகிற விலைப்பட்டியல். அதிலிருந்து ஒரு ரூபாய் எங்கள் வீட்டுக்கு, எங்கள் பெயருக்கு வரும் என்று எவரும் நினைத்ததில்லை. ரேஷன் கடை இருந்தது, அரிசியும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வந்தன. ஆனால் அதைப் பட்ஜெட்டோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

ஊரின் நிஜமான வரவு செலவு அப்பாவின் கடன் நோட்டில் இருந்தது. நீளவாக்கில் தைத்த சிவப்பு அட்டை நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஆம்பிளை பெயர். வாங்குவது என்னவோ பெண்களும் பிள்ளைகளும்தான். "அம்மா எழுதிக்கச் சொன்னாங்க" என்று ஏழு வயசுப் பிள்ளை வந்து நிற்கும். அரைக்கால் கிலோ பருப்பு, நூறு மில்லி நல்லெண்ணெய், ஒரு கட்டி சோப்பு, எல்லாம் அதன் அப்பா பெயரில் ஏறும். அடைவது அறுப்புக்கு அறுப்பு. குறுவை அறுத்தால் கொஞ்சம், சம்பா அறுத்தால் மிச்சம். நடுவில் மழை பொய்த்தாலோ மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் போனாலோ, அந்தப் பக்கம் அடுத்த வருட நோட்டுக்கு அப்படியே தாவும்.

1991 ஜூலை 24 பட்ஜெட்டை அந்த நோட்டில் பார்க்க முடிந்தது. மன்மோகன் சிங் தாராளமயத்தைத் திறந்துவிட்ட பட்ஜெட் என்று வரலாறு அதைச் சொல்கிறது, அது சரியும்கூட. எங்கள் பக்கம் அது வேறு இரண்டு எண்களாக வந்து சேர்ந்தது. ரேஷன் சர்க்கரை கிலோ 5 ரூபாய் 25 காசிலிருந்து 6 ரூபாய் 10 காசு. உர விலை 40 சதவீதம் உயர்வு. குறுவை நட்டு மேலுரம் போடுகிற நேரம் அது. பெரியப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்துக்கு யூரியா வாங்கப் போனவர் பாதி மூட்டையோடு திரும்பி வந்தார். நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்து ஆகஸ்டில் 30 சதவீதமாகக் குறைத்தார்கள், சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கு என்றார்கள். விலக்கு யாருக்கு, எந்தச் சான்றிதழுக்கு என்பது ஊருக்குத் தெளிவாகும் முன்பு பயிர் பூத்துவிட்டது. அந்தத் தீபாவளிக்கு அப்பாவின் நோட்டில் பல பக்கங்கள் அடையவே இல்லை. அம்மா எங்களுக்குத் துணி எடுக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, "ஊரே உரக்கடையில நிக்குது, நமக்கு எங்கேருந்து வரும்?" என்றாள்.

எங்களுக்குப் பக்கத்து ஊர் மூவலூர். தேவதாசி முறையை எதிர்த்துக் கடைசிவரை போராடிய ராமாமிர்தம் அம்மையாரின் பெயரோடு சேர்ந்த மூவலூர். 1989ல் முதல்வர் கருணாநிதி அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கினார். தொகை 5,000 ரூபாய். பெண் எட்டாவது படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பட்ஜெட் ஒரு குடும்பத்துக்குள் நுழைந்து என்ன செய்ய முடியும் என்பதை நான் முதலில் கண்டது அந்த நிபந்தனையில்தான்.

ஐந்தாவது முடித்தால் பெண்ணை நடவுக்கு அனுப்புவது எங்கள் தெருவில் சாதாரணம். அந்தப் பெண்ணுக்கே நாலு வருடத்தில் கல்யாணம். 5,000 ரூபாய் அன்று சின்னத் தொகையல்ல. பந்தலும் சாப்பாடும் அதில் முடியும். "எட்டு வரைக்கும் போகட்டுமே, சர்க்கார் பணம் வருது" என்று அப்பன்மார்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டிருக்கிறேன். படிப்பின் மேல் வந்த ஆசையால் அப்படிப் பேசவில்லை. ஆனாலும் பெண் பள்ளிக்கூடத்தில் இன்னும் மூன்று வருடம் இருந்தாள். பிற்பாடு நிபந்தனை பத்தாவதாக உயர்ந்தபோது இன்னும் இரண்டு வருடம்.

பணம் கைக்கு வருவது தனிக் கதை. கல்யாணத்துக்கு 40 நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், வருமானச் சான்று, பத்திரிகை, மாப்பிள்ளை வீட்டு விவரம். ஏதாவது ஒன்று குறைந்தால் திரும்ப அலையணும். கடை எதிர்வீட்டு அக்காவுக்குக் காசோலை வந்தபோது அவள் மடியில் ஆறு மாதப் பிள்ளை இருந்தது. கல்யாணச் செலவுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்த கடன் அதற்குள் குட்டி போட்டுவிட்டது. அந்த அலுவலகத்தில் நாலு தடவை "அடுத்த வாரம் வாம்மா" என்ற பதிலை வாங்கியவள் அவள். அறிவிக்கிற தேதிக்கும் கைக்கு வருகிற தேதிக்கும் நடுவில் விழுகிற வட்டியை எந்தப் பட்ஜெட் உரையும் கணக்கில் எடுப்பதில்லை.

நடுவில் ஆட்சி மாறிச் சில காலம் நின்றுபோன திட்டம், 2006ல் திரும்ப வந்தது. தொகை 25,000 வரை ஏறியது. 2011ல் ஜெயலலிதா தாலிக்கு 4 கிராம் தங்கத்தைச் சேர்த்தார், பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாய் என்றார். 2016ல் தங்கம் 8 கிராம் ஆனது. இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று விஞ்சிக் கொடுத்ததில் பலன் அடைந்தவள் எங்கள் ஊர்ப் பெண்.

பிறகு 2022 மார்ச் 18. பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த மாநில பட்ஜெட்டில் திருமண உதவி முடிவுக்கு வந்தது. அதற்குப் பதில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். ஒதுக்கீடு 698 கோடி. அரசுப் பள்ளிப் பெண்கள் உயர்கல்விக்குப் போவது 46 சதவீதம்தான் என்று அவர் காரணம் சொன்னார். செப்டம்பர் 5ல் புதுமைப் பெண் என்ற பெயரில் தொடங்கியது.

அம்மா கொதித்துப் போனாள். "தாலிக்குத் தங்கம் குடுத்ததை நிறுத்திட்டு, பஸ்ஸுக்குக் காசு குடுக்குறாங்களாம்" என்றாள். அவள் கோபத்தை நான் தள்ளிப் பேச மாட்டேன். 8 கிராம் என்பது ஒரு சவரன். அதை வாங்க எங்கள் தெருவில் ஒரு குடும்பம் எத்தனை வருடம் சீட்டுக் கட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தங்கை மகள் அப்போது அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது. நர்சிங் படிக்கணும் என்று பிடிவாதம். அவள் அம்மாச்சியிடம் சொன்ன பதில் இது: "அந்தத் தங்கம் கிடைக்கணும்னா நான் கல்யாணம் பண்ணிக்கணும் அம்மாச்சி. இந்த ஆயிரம் நான் படிச்சாலே வருது."

மாதா மாதம் அவள் கணக்குக்கு அந்த ஆயிரம் வந்தது. பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, வெள்ளைக் கோட்டு, விடுதியிலிருந்து ஊருக்கு வர பஸ் காசு. அப்பனிடம் கை நீட்டாமல் வாங்கினாள். மொத்தமாகப் பார்த்தால் இன்றைய ஒரு சவரன் விலைக்கு அது வராது. ஆனால் 1989ல் எட்டாவதுவரை பெண்ணைப் பள்ளியில் உட்காரவைக்கக் கல்யாணத்தைக் காட்ட வேண்டியிருந்த அரசு, 33 வருடம் கழித்துப் படிப்பையே நேராகக் காட்டி அழைத்தது. அந்த மாற்றம் சரியானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு குறை இருந்தது, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழில் படித்த ஏழைப் பெண்கள் வெளியே நின்றார்கள். 2024 டிசம்பரில் அவர்களையும் சேர்த்தார்கள். அதற்கு முன்பே ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது.

அப்பா காலமான பிறகு கடையைத் தம்பி நடத்துகிறான். இன்றும் நோட்டு உண்டு. ஆனால் 2023 செப்டம்பர் 15க்குப் பிறகு அந்த நோட்டின் போக்கே மாறிவிட்டது என்கிறான். அண்ணா பிறந்தநாளில் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய நாள் அது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2025 மார்ச்சில் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட்டில் இதற்கு மட்டும் 13,807 கோடி ரூபாய். அறுப்புக்கு அறுப்பு அடைந்த கடன் இப்போது 15ஆம் தேதியை ஒட்டி அடைகிறது. போனில் செய்தி வந்த சத்தம் கேட்டதும் ஏடிஎம்முக்குப் போய்விட்டுக் கடைக்கு வருகிற பெண்கள் உண்டு. பக்கத்தின் தலையில் இப்போது அவர்கள் பெயர். பருப்பு அரைக்கால் கிலோவிலிருந்து அரைக் கிலோவாகியிருக்கிறது. இதை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்களை அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்வேன்.

எல்லாருக்கும் சுலபமாக வந்துவிடவில்லை. வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் தகுதி இல்லை என்பது விதி. ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. இரண்டு அடுப்பு, இரண்டு குடும்ப அட்டை, ஒரு மீட்டர். இரண்டு மருமகள்களுக்கும் கிடைக்கவில்லை. கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்தார்கள், தனி மீட்டருக்கு அலைந்தார்கள். இன்னொரு பெண்ணுக்கு வந்த முதல் ஆயிரத்தில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்தம் செய்துவிட்டது. மாநிலம் முழுக்க இப்படிப் புகார் எழுந்து, உரிமைத் தொகையில் கைவைக்கக் கூடாது என்று நிதியமைச்சரே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

வரவு இப்படிப் பெயரோடும் தேதியோடும் வருகிறது. ஏற்றமோ பட்ஜெட் நாளை விட்டு வெளியே போய்விட்டது. 2011 நவம்பரில் ஒரே அறிவிப்பில் ஆவின் பால் லிட்டருக்கு 6 ரூபாய் 25 காசும் பஸ் கட்டணமும் ஏறின. அது பட்ஜெட் அல்ல. 2018 ஜனவரி பஸ் கட்டண உயர்வும், 2022 செப்டம்பர் மின் கட்டண உயர்வும் அப்படியே. சமையல் எரிவாயு சிலிண்டர் சென்னையில் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு, மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய மாதம் 818 ரூபாய் 50 காசு, 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு. எதுவும் பட்ஜெட்டில் வாசிக்கப்படவில்லை. அப்பாவின் சுவரில் ஒட்டிய கட்டத்தில் ஏறியது எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. திட்டுவதற்கு ஒரு நாளும் ஒரு ஆளும் இருந்தார்கள். இன்று அம்மா எந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்வாள்?

சேமிப்பும் அப்படித்தான். அப்பா தங்கை கல்யாணத்துக்குத் தபால் ஆபீசில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கினார். ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பு. இன்று அதே பத்திரம் இரட்டிக்க 115 மாதம் ஆகிறது. பொது வருங்கால வைப்பு நிதிக்குத் தொண்ணூறுகள் முழுக்க 12 சதவீத வட்டி. 2020 ஏப்ரலிலிருந்து 7.1. அன்று விலைவாசி ஏற்றமும் கூடுதல் என்பது உண்மைதான். என்றாலும் வட்டியை நம்பி மருந்து வாங்குகிற முதியவருக்குக் கைக்கு வருகிற தொகைதான் கணக்கு. 2021 மார்ச் 31 இரவு சிறுசேமிப்பு வட்டியெல்லாம் குறைத்து ஆணை வந்தது, வைப்பு நிதி வட்டி 6.4 என்று. மறுநாள் காலையே திரும்பப் பெற்றார்கள். அந்த ஒரு ராத்திரி எத்தனை வீட்டில் தூக்கம் போயிருக்கும். சம்பளக்காரர்களுக்கு வேறு மாற்றம்: 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றானது. அது பெரிய ஆறுதல். ஆனால் புதிய முறையில் 80சி கழிவு கிடையாது. வரிக்காகவாவது மார்ச் மாதத்தில் தபால் ஆபீஸ் படி ஏறிய பழக்கம் இளையவர்களிடம் விட்டுப்போகிறது.

என்னை உறுத்துவது இதையெல்லாம்விட வேறொன்று. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறார். 2011ல் மாதம் 500 ஆக இருந்தது 1,000 ஆனது. அடுத்த உயர்வு 2023 ஆகஸ்டில், 1,200. நடுவில் 12 வருடம் ஒரு ரூபாய் ஏறவில்லை. இதில் மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். 1995ல் தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது 75 ரூபாய். 2007ல் இந்திரா காந்தி பெயரில் அதை மாற்றி அமைத்தபோது 200 ரூபாய். 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்றுவரை அதே 200. எத்தனை பட்ஜெட் வந்து போயிற்று, எத்தனை நிதியமைச்சர்கள் மாறினார்கள். தனியார் ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவருக்கான வருங்கால வைப்பு நிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியமும் 2014லிருந்து 1,000 ரூபாயில் நிற்கிறது.

அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. விலைவாசிக் குறியீட்டெண் ஏறினால் ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். அது நியாயம், அதை யாரும் குறைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் அதை நிறுத்திவைத்தபோது அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். என் கேள்வி, அதே பருப்பை அதே கடையில் வாங்குகிற பாட்டிக்கு ஏன் அந்தக் குறியீட்டெண் பொருந்தாது? அவருடைய தொகை ஏற வேண்டுமென்றால் தேர்தல் வர வேண்டியிருக்கிறது.

பணம் எங்கே என்பார்கள். 2021 ஆகஸ்டு வெள்ளை அறிக்கையில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று சொன்னார்கள். கடன் சுமை உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் தொகையை ஏற்றாமல் வைத்திருப்பதும் ஒரு வெட்டுதான். 1,000 ரூபாயை அறிவித்துவிட்டு, பத்து வருடம் அதே 1,000 ஆக விட்டால், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள். அறிவிப்பு இல்லாமல் எடுப்பதால் அதை எதிர்த்து யாரும் கூச்சல் போடுவதில்லை. உரிமைத் தொகைக்கும் புதுமைப் பெண்ணுக்கும் இதே கதி வரக் கூடாது.

ஆகவே டெல்லியிலும் சென்னையிலும் அடுத்த பட்ஜெட்டை எழுதப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: புதுத் திட்டம் எதையும் அறிவிக்காவிட்டாலும் பரவாயில்லை. முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள், குடும்பத் தலைவிகள், மாணவிகள் வாங்குகிற தொகைகளை அகவிலைப்படியைப் போல விலைவாசியோடு சேர்த்துக் கட்டுங்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது. முதல் வேலையாக அந்த 200 ரூபாயை உயர்த்துங்கள். வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று: பட்ஜெட் அன்று உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் வரி எவ்வளவு குறைந்தது என்பதோடு நிறுத்தாமல், உங்கள் தெருவில் இருக்கும் அந்தப் பாட்டிக்கு எவ்வளவு ஏறியது என்றும் கேளுங்கள்.